நிபுணர் ஒரு பக்கம், சனம் ஒரு பக்கம்: வெளியுறவுக் கருத்தின் இடைவெளியை அளக்கும் முறை

அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைப் பற்றிப் புறக்கோட்டையில் கேட்டால், "அதைத்தான் சீனாக்காரனுக்கு வித்துப்போட்டாங்களே" என்ற பதில் வரும். கொழும்பு 7 இல் ஒரு பொருளியலாளரிடம் கேட்டால், 2017 இல் 99 வருடக் குத்தகை, 112 கோடி டொலர், அந்தக் காசு டொலர் கையிருப்புக்குப் போனதே தவிரச் சீனக் கடனை அடைக்கப் போகவில்லை என்று தொடங்குவார். இதை வைத்து 'நிபுணரும் மக்களும் முரண்படுகிறார்கள்' என்று எழுதிவிட வேண்டாம். நடந்தது என்ன என்பதில்தான் இருவரும் வேறுபடுகிறார்கள். குத்தகை சரியா, பிழையா என்று யாரிடமும் இன்னும் கேட்கவில்லை.

ஆகவே இந்த இடைவெளியை அளக்கும் கருத்துக்கணிப்பில் ஒவ்வொரு விடயத்துக்கும் மூன்று கேள்விகள் வேண்டும்: அவருடைய கருத்து என்ன, நடந்தது அவருக்கு எவ்வளவு தெரியும், இந்த விடயம் அவருக்கு எவ்வளவு முக்கியம். கருத்தை முதலில் கேளுங்கள். தகவல் கேள்வியை முன்னால் வைத்தால், பதில் தெரியாதவர் கூச்சப்பட்டு மற்றக் கேள்விகளுக்கும் பின்வாங்குவார். மூன்றாவதை விடவே கூடாது. அமெரிக்காவில் சிகாகோ கவுன்சில் என்ற வெளியுறவு ஆய்வு நிறுவனம் 1974 முதல் நடத்திவரும் ஆய்வுகளில் தலைவர்களும் மக்களும் நன்றாக விலகும் இடங்களில் ஒன்று முன்னுரிமை: உள்நாட்டு வேலைவாய்ப்பைக் காப்பதை மக்கள் மிக மேலே வைப்பார்கள், தலைவர்கள் அந்தளவுக்கு வைப்பதில்லை. ஐந்தாறு விடயங்களுக்கு மேல் போகாதீர்கள். கால் மணி நேரம் தாண்டினால் வாசலில் நிற்பவருக்குப் பொறுமை போய்விடும்.

வினாக்கொத்து கெட்டுப்போவது பெரும்பாலும் சொற்களில்தான். 'குத்தகை', 'விற்பனை' இரண்டில் எதைப் போட்டாலும் விடை மாறும். 'அணிசேராக் கொள்கை' என்றால் 1976 இல் கொழும்பில் நடந்த அணிசேரா நாடுகளின் மாநாட்டை நினைவில் வைத்திருக்கும் மூத்தவர்கள் கொள்கையைப் பார்க்காமலே ஆம் என்பார்கள். 'சர்வதேச சமூகம்' என்பது தமிழ்க் காதுக்கு ஜெனீவா, அதாவது ஐ.நா. மனித உரிமைகள் பேரவை. சிங்களக் காதுக்கு அது பல வேளை தலையீடு. 'இந்தியா' என்றால் டில்லியா, தமிழ்நாடா என்று பிரித்துக் கேளுங்கள். 'மீனவர் பிரச்சினை' என்று மொட்டையாக விடாமல் 'இழுவைப் படகு' என்றே எழுதுங்கள். இழுவை மடித் தொழிலை இலங்கை 2017 இல் தடைசெய்தது. தமிழில் எழுதிச் சிங்களத்துக்கு மாற்றியதை, மூலத்தைப் பார்க்காத ஒருவர் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவரட்டும். பொருள் எங்கே வழுக்கியது என்று அப்போது தெரியும்.

மக்கள் மாதிரிக்கு 20 கிராம சேவகர் (ஜி.எஸ்.) பிரிவுகள், பிரிவுக்கு 20 வீடுகள், மொத்தம் 400 என்று தொடங்கலாம். ஒரே ஒழுங்கையில் இருப்பவர்கள் ஒத்த கருத்துடையவர்களாக இருப்பதால், கைக்கு வசதி இருந்தால் 600 ஆக்குங்கள். வீட்டில் யார் கதவைத் திறக்கிறாரோ அவரைப் பிடிக்காமல், அடுத்த பிறந்தநாள் யாருக்கு வருகிறதோ அந்த வளர்ந்தவரைக் கேளுங்கள். பகலில் போனால் ஓய்வுபெற்றவர்களும் வீட்டிலிருக்கும் பெண்களும்தான் கிடைப்பார்கள். மாலை 5 மணிக்குப் பிறகும் ஞாயிறும் போங்கள். வெள்ளவத்தையில் அடுக்குமாடிக் காவலாளியைத் தாண்டுவதே பெரும்பாடு. நிர்வாகக் குழுவுக்கு முன்கூட்டிக் கடிதம் கொடுக்காவிட்டால் கடற்கரைப் பக்கம் முழுவதும் மாதிரியில் விடுபடும்.

நிபுணர் பட்டியலைக் கேள்வி கேட்குமுன்னரே எழுதி மூடிவிடுங்கள். ஓய்வுபெற்ற இராஜதந்திரிகள், பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆய்வு நிறுவனத்தினர், துறைமுகமும் வர்த்தகமும் அறிந்தவர்கள், பாதுகாப்புத் துறையினர் என வகைக்கு எட்டுப் பேர், மொத்தம் 40. ஒரே நிறுவனத்திலிருந்து இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். கொழும்பில் எல்லாரும் ஒரே கருத்தரங்கில் ஒரே தேநீர் குடிப்பவர்கள். ஐந்து பேரைக் கேட்டு ஒரு கருத்தை ஐந்து தடவை எண்ணுவது இங்கே மிக இலகு. இழுவைப் படகு விடயத்தில் வடக்கு மீனவர் சங்கத் தலைவர்களையும் நிபுணர் பக்கத்தில் தனிவகையாகச் சேர்ப்பதே நியாயம்.

இனிக் கணக்கு. ஒரு கற்பனை உதாரணம்: ஒரு கேள்விக்கு 400 பேரில் 168 பேர் ஆம், 112 பேர் இல்லை, 120 பேர் தெரியாது. நிபுணர் 40 பேரும் விடை சொன்னார்கள், 26 பேர் ஆம், அதாவது 65 வீதம். மக்கள் பக்கம் மொத்தத்தில் 42 வீதம். இடைவெளி 23 புள்ளி. 'தெரியாது' என்றவர்களைக் கழித்தால் மக்களும் 60 வீதம். இடைவெளி வெறும் 5. ஒரே தரவில் இரண்டு தலைப்புச் செய்தி! 400க்கு 40 என்ற அளவில் மாதிரி வழுவே, அதாவது எல்லாரையும் கேட்காமல் சிலரை மட்டும் கேட்பதால் வரும் பிசகே, ஏறத்தாழ 16 புள்ளி. எனவே 5 புள்ளியை இடைவெளி என்று சொல்லவே முடியாது. இந்த 23 புள்ளி இடைவெளி, மக்கள் எதிர்க்கிறார்கள் என்பதைவிட, பலருக்கு விடயம் எட்டவில்லை என்பதையே காட்டுகிறது.

'தெரியாது' வேறு, 'சொல்ல விருப்பமில்லை' வேறு. கொட்டாஞ்சேனையில் ஜெனீவாவைப் பற்றிக் கேட்டதும் "எங்களுக்கு ஏன் தம்பி இந்த அரசியல்" என்று ஒரு அம்மா கதவைச் சாத்தினால் அது அறியாமை அல்ல, எச்சரிக்கை. இரண்டுக்கும் தனிக் குறியீடு கொடுங்கள். அட்டவணையிலும் தனித்தனி நிரலாக அச்சிடுங்கள்.

இரு தரப்பையும் ஒரே இரண்டு வாரத்துக்குள் கேட்டு முடியுங்கள். 2022 ஓகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீன ஆய்வுக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தது போன்ற ஒன்று இடையில் நடந்தால், முன்னர் கேட்டவரையும் பின்னர் கேட்டவரையும் ஒப்பிட வழியில்லை. முதலிலிருந்து கேட்க வேண்டியதுதான்.