இசை விழாவில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளை நாங்கள் ஏற்கெனவே செய்துவிட்டோம்

ஐந்து பேராகப் போன எங்கள் முதல் விழாவில் மூன்று கேஸ் அடுப்பு இருந்தது. தீப்பெட்டி ஒன்றுகூட இல்லை. "நீ எடுத்துட்டு வருவேன்னு நினைச்சேன்டா" என்று ஐந்து பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டதுதான் அன்றைக்கு நாங்கள் கேட்ட முதல் கச்சேரி.

யார் எப்போது எந்த மேடையில் பாடுகிறார்கள் என்பதை எல்லாரும் மனப்பாடமாக வைத்திருப்போம். ஆனால் வெள்ளி மாலை ஆறு மணிக்குப் போய் ஞாயிறு மதியம் கிளம்பினால் 42 மணி நேரம். அதில் மேடைக்கு முன்னால் நிற்பது பாதிகூடத் தேறாது. மிச்சமெல்லாம் புல்வெளியில் குடித்தனம்தான். நாம் சொதப்புவதும் அதில்தான்.

முதலில் கூடாரம். அட்டையில் '4 பேர்' என்று போட்டிருந்தால், நான்கு பேர் தோளோடு தோள் ஒட்டிப் புரளாமல் படுக்கலாம் என்று அர்த்தம். பைகள் அந்தக் கணக்கில் கிடையாது. நான் எப்போதும் இரண்டைக் கழித்துக்கொள்வேன். புதுசாக வாங்கியதைப் பிரிக்காமலே தூக்கிக்கொண்டு போவதும் தப்பு. ஒரு கம்பி குறைகிறது என்பது கிளம்புவதற்கு முன்பே தெரிய வேண்டிய விஷயம், இருட்டின பிறகு டார்ச் வெளிச்சத்தில் அல்ல.

இடம் பிடிப்பதில்தான் அந்த வாரக் கடைசியே அடங்கியிருக்கிறது. வந்த களைப்பில் முதலில் கண்ணில் பட்ட காலி இடத்தில் பையைப் போட்டுவிடுவோம். அது ஏன் காலியாக இருக்கிறது என்று யோசிப்பதில்லை. கழிப்பறைக்குப் பக்கத்தில் இருந்தால் நாற்றத்தைவிடப் பெரிய தொல்லை, இரவு முழுக்க அந்தக் கதவு அடித்துக்கொள்ளும் சத்தம். நடைபாதையை ஒட்டிப் போட்டால் இரண்டு மணிக்கு ஒருவர் உங்கள் கயிற்றில் தடுக்கி உங்கள் மேலேயே விழுவார், அப்புறம் மன்னிப்பும் கேட்பார். பள்ளம் பார்க்கச் சமதளமாக, மெத்தென்று இருக்கும். மழை வந்தால் அக்கம்பக்கத்துத் தண்ணீரெல்லாம் அங்கேதான் வரும். லேசான மேடு, பாதையிலிருந்து மூன்று நான்கு வரிசை உள்ளே, ஜெனரேட்டரின் இரைச்சல் எட்டாத தூரம். முடிந்தால் காலை வெயிலை மறைக்கும் பக்கம். விடிந்து சற்று நேரத்திலேயே கூடாரம் அடுப்பாகிவிடும். மூன்று மணிக்குப் படுத்தவருக்கு அது கொடுமை.

முளைகளை நேராக அடிக்காதீர்கள். தலைப்பக்கம் கூடாரத்தைவிட்டு வெளியே சாய்ந்திருக்கும்படி 45 டிகிரியில் அடித்தால்தான் காற்று இழுக்கும்போது பிடுங்கிக்கொள்ளாது. நைலான் துணி நனைந்தால் தொய்யும். அதனால் மழை விட்டதும் ஒரு சுற்று வந்து கயிறுகளை இறுக்கிவிடுங்கள். காலையில் உள்சுவர் சொட்டச் சொட்ட நனைந்திருப்பதைப் பார்த்து "டென்ட் ஒழுகுது" என்று திட்டுவோம். பெரும்பாலும் அது மழையே அல்ல, நாம் விட்ட மூச்சு. குளிருக்குப் பயந்து காற்றுத் திறப்பையெல்லாம் மூடியதன் பலன் அது. உண்மையில் குளிர் அதிகம் ஏறுவது தரையிலிருந்து. காற்றடைத்த சாதாரண மெத்தை அதைத் தடுக்காது. மெல்லிய ஃபோம் பாய் ஒன்றை அடியில் விரித்தால் போதும்.

குளிர் விஷயத்தில் ஒரு தவறு உயிரையே எடுக்கும். குளிருகிறது என்று அடுப்பையோ, அணைந்துபோன மாதிரித் தெரியும் கரித்தணலையோ கூடாரத்துக்குள் கொண்டுவருவது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்கிக்கொண்டிருப்பவர் அதனால் விழித்துக்கொள்ளவும் மாட்டார். இதில் 'கொஞ்ச நேரம்தானே' என்ற பேச்சே வேண்டாம்.

இடி மின்னலுக்கும் கூடாரம் பாதுகாப்பில்லை. கூரையும் கதவும் மூடிய கார் பரவாயில்லை. 2011-இல் பெல்ஜியத்தின் புக்கல்பாப் விழாவில் திடீர்ப் புயலில் ஐந்து பேர் இறந்தார்கள். 2023-இல் ஜெர்மனியின் வாக்கன் விழாவில் மைதானம் சேறாகிப்போய், டிக்கெட் வைத்திருந்த பலரை உள்ளே விடவே முடியவில்லை. வானிலை அறிக்கையைக் கிளம்பும் நாளிலும் ஒருமுறை பாருங்கள்.

காதைப் பற்றிச் சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் வரை தாங்கலாம் என்பது தொழிற்கூடங்களுக்கு அமெரிக்க ஆய்வு நிறுவனமான நையாஷ் சொல்லும் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். பெரிய ஸ்பீக்கருக்கு முன்னால் நின்றால் அது முதல் இரண்டு பாட்டிலேயே தீர்ந்துவிடும். ஃபோம் இயர்பிளக்கைச் சும்மா காதில் திணித்தால் பயனில்லை. விரல்களால் ஒல்லியாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, அது விரிந்து அடைக்கும்வரை பிடித்திருக்க வேண்டும். அதே இயர்பிளக், பக்கத்துக் கூடாரத்தில் விடியவிடிய கிதார் பழகுபவரிடமிருந்தும் காப்பாற்றும்.

அப்புறம் போன். ஆயிரக்கணக்கானோர் ஒரே டவரைப் பிடித்து இழுக்கும்போது "எங்க இருக்க?" என்ற செய்தி ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்து சேரும். சிக்னல் தேடித் தேடியே பேட்டரியும் காலியாகும். ஃபிளைட் மோடில் போட்டுவிட்டு, சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். "மேடைக்கு இடதுபக்கம்" என்பது இடமே அல்ல. யார் நின்று பார்த்த இடது என்று எங்களுக்குள் ஒருமுறை சண்டையே வந்தது. நகராத ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: தண்ணீர்க் குழாய், முதலுதவிக் கூடாரம். உங்கள் கூடாரத்துக்கும் உயரமாக ஒரு அடையாளம் கட்டுங்கள். இரவில் எல்லாக் கூடாரமும் ஒரே நிறம்தான். தெரியாத ஒருவரின் ஸ்லீப்பிங் பேக்குக்குள் பாதி நுழைந்துவிட்டு வெளியே வந்தவன் சொல்கிறேன்.

புது ஷூவோடு போக வேண்டாம், கொப்புளம்தான் மிஞ்சும். ஒரு ஜோடி காலுறையைத் தூங்குவதற்கென்றே பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துவிடுங்கள், பகலில் என்ன ஆனாலும் அதைத் தொடக்கூடாது. எல்லாப் பாடகரையும் பார்த்தே தீருவேன் என்று மேடைக்கு மேடை ஓடுகிறவர் எல்லாவற்றிலும் கடைசிப் பாட்டைத்தான் கேட்பார்.

ஞாயிறன்று கார் ஓட்டப் போவது யார் என்பதைச் சனிக்கிழமை மாலையே முடிவு செய்துவிடுங்கள். அவர் குடிக்காமல், நேரத்தோடு படுக்க வேண்டும். இரண்டு இரவு தூங்காதவர் கையில் ஸ்டீயரிங்கைக் கொடுப்பது அந்தக் கரித்தணல் மாதிரிதான்.

ஈரக் கூடாரத்தை அப்படியே சுருட்டித்தான் காரில் போட முடியும், வேறு வழியில்லை. ஆனால் வீடு சேர்ந்த அன்றே விரித்துக் காயப்போட வேண்டும். நான் 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று மூலையில் வைத்தேன். நான்கு மாதம் கழித்து அடுத்த விழாவில், இருட்டும் நேரத்தில்தான் பையைத் திறந்தேன். துணி முழுக்கக் கறுப்புப் புள்ளிகள், குப்பென்று பூஞ்சை நாற்றம். அந்த இரண்டு இரவும் அதற்குள்தான் படுத்தோம்.