கேம்ஷாஃப்ட் மாற்றிய பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் கியர் தேய்கிறதா? புதுக் கியர் வாங்குவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்

டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வீட்டுக் கராஜில் ரேஸுக்கு வி8 கட்டுகிறவர்கள் யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை சொல்வார்கள். புதுக் கேம் (வால்வுகளைத் திறக்கிற கேம்ஷாஃப்ட்) போட்டோம், வண்டி அருமையாக ஓடியது, நாலைந்து ஓட்டத்துக்கு அப்புறம் டைமிங் லைட் (ஸ்பார்க் விழுகிற நேரத்தைப் பார்க்கிற விளக்கு) பிடித்தால் குறி ஒரு இடத்தில் நிற்கவில்லை, டிஸ்ட்ரிபியூட்டரை (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுப்பது, கேம்தான் கியர் வழியாக இதைச் சுற்றுகிறது) தூக்கிப் பார்த்தால் கியர் பல் கத்தி போலக் கூராகியிருந்தது. உடனே புதுக் கியர் வாங்கிப் போடுகிறோம், அது தேய்ந்த காரணத்தைத் தேடுவதில்லை. நான் பார்த்த வரையில் பெரிய தவறு இதுதான்.

எங்கள் மாமாவின் செவ்ரலே 350 வி8 எஞ்சினில் ஒரே சீசனில் மூன்று வெண்கலக் கியர் போட்டோம். கியர் விற்ற கடையைத் திட்டினோம், கேமைத் திட்டினோம். நாலாவது முறைதான் அளந்து பார்த்தோம். சிலிண்டர் ஹெட்டையும் பிளாக்கையும் சீவியதில் மேனிஃபோல்ட் (எஞ்சினுக்குள் காற்று போகிற குழாய்த் தொகுதி) கீழே இறங்கி, அதன்மேல் உட்காரும் டிஸ்ட்ரிபியூட்டரும் கூடவே இறங்கி, அதன் தண்டு ஆயில் பம்ப் தண்டின்மேல் இடித்துக்கொண்டு இருந்தது. மூன்று கியரும் தேய்ந்தது அந்த அழுத்தத்தால்தான், கியர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஒரு விஷயம் மனதில் இருந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ரோட்டாரை (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றி மின்சாரத்தைப் பிரிக்கிற துண்டு) சுற்ற அந்தக் கியருக்கு ஒரு சிரமமும் கிடையாது. அது சுமக்கிற பாரம் கீழே இருக்கிற ஆயில் பம்ப். பம்ப் எவ்வளவு இறுக்கமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு பாரமும் கேமுக்கும் கியருக்கும் நடுவில் ஒன்றிரண்டு பற்கள்மேல் விழுகிறது. ரேஸ் எஞ்சின் என்றாலே ஹை வால்யூம் பம்ப், கெட்டி ஸ்பிரிங் என்று போட்டுவிடுகிறார்கள். ஆயிரம் சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ ஆயில் அழுத்தம் என்ற பழைய கணக்கே பெரும்பாலான எஞ்சின்களுக்குப் போதும், அதற்குமேல் ஏற்றுகிற அழுத்தத்துக்கு விலை கொடுப்பது இந்தப் பற்கள்தான்.

இதில் நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. டர்பனில் ஜூலை மாதக் காலையிலும் பெரிய குளிர் இருக்காது. அதே எஞ்சினை டிரெய்லரில் ஏற்றி ஹைவெல்டுக்கு (ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து மேட்டுநிலம்) கொண்டுபோனால் விடிகாலையில் பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிர், சம்பில் (எஞ்சின் அடியில் ஆயில் தங்குகிற தொட்டி) 20டபிள்யூ-50 ஆயில் பாகு மாதிரி கிடக்கும். அந்த நிலையில் ஸ்டார்ட் பண்ணி உடனே ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பம்ப் தண்டு முறுக்கிக்கொள்ளும், கியர் கடிபடும். வீட்டில் ஒரு வருஷம் தாங்கிய கியர் அங்கே ஒரு வார இறுதியில் போய்விடலாம். ஆயில் சூடாகும் வரை பொறுமையாக இருங்கள், இல்லை என்றால் குளிருக்கு ஏற்ற மெல்லிய ஆயில் ஊற்றுங்கள்.

அடுத்தது உலோகம். பழைய தட்டை டாப்பெட் கேம் (டாப்பெட்டின் தட்டையான அடி கேம்மேல் உரசி ஓடுவது) வார்ப்பிரும்பு, அதற்கு வார்ப்பிரும்புக் கியர் பொருத்தம். ரோலர் கேமுக்கு (டாப்பெட்டில் உருளை வைத்து ஓடுவது) மாறும்போது கேம் பெரும்பாலும் பில்லெட் ஸ்டீல் (ஸ்டீல் கட்டியில் கடைந்தது), அதில் பழைய கியரை ஓட்டினால் சீக்கிரமே தின்றுவிடும். அதற்கு வெண்கலம், பாலிமர் கலவை, அல்லது அந்தக் கேமுக்கென்றே பதப்படுத்திய ஸ்டீல் கியர் வேண்டும். ஆனால் எல்லா ரோலர் கேமும் ஒன்றல்ல. சிலவற்றில் கேம் ஸ்டீலாக இருந்தாலும் அதில் இருக்கிற கியர் மட்டும் வார்ப்பிரும்பில் செய்து அழுத்திப் பொருத்தியிருப்பார்கள், அதற்குப் பழைய கியரே போதும். காந்தம் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, இரண்டுமே ஒட்டும். கேமோடு வருகிற அட்டையைப் படியுங்கள், அட்டை இல்லை என்றால் தயாரித்தவரிடமே கேளுங்கள். சியரா எக்ஸ்ஆர்8, கேப்ரி பெரானா மாதிரி ஃபோர்ட் 302 வி8 எஞ்சின் வண்டி வைத்திருப்பவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்: 1985க்குப் பிந்திய மஸ்டாங் 302இன் ரோலர் கேமைக் கொண்டுவந்து போட்டால் அது ஸ்டீல் கியர் கேட்கும், உங்கள் பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் இருப்பது வார்ப்பிரும்பு.

வெண்கலம் போட்டவர்கள் அதைப் போட்டு மறந்துவிடக் கூடாது. தான் தேய்ந்து கேமைக் காப்பாற்றத்தான் அது இருக்கிறது. ரேஸ் வண்டியில் அடிக்கடி வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும்.

உயரத்தை எப்படிப் பார்ப்பது? பம்ப் தண்டின் பள்ளத்தில் கொஞ்சம் களிமண் வையுங்கள், கேஸ்கெட் போட்டு டிஸ்ட்ரிபியூட்டரை உட்கார வைத்து, கிளாம்பையும் முழுசாக இறுக்கி, பிறகு கழற்றி களிமண் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பாருங்கள். இடைவெளியே இல்லை என்றால் தண்டு இடிக்கிறது, மேலே ஷிம் (மெல்லிய தகடு) வைக்க வேண்டும். கிளாம்ப் இறுக்காமல் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும், நாங்கள் ஏமாந்தது அதில்தான். அப்புறம் பற்களில் மார்க்கர் பேனாவால் பூசி எஞ்சினைக் கையால் சில சுற்று சுற்றினால் தேய்மானம் பல்லின் நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் உயரம் தவறு. ஃபோர்ட் 302இல் டிஸ்ட்ரிபியூட்டர் பிளாக்கிலேயே உட்காருவதால் மேனிஃபோல்ட் சீவினால் பாதிப்பில்லை, அங்கே தண்டில் கியரை ஆணிப் பின் அடித்துப் பொருத்திய இடம் சரியா என்று அளக்க வேண்டும்.

செவ்ரலே ஸ்மால் பிளாக்கில் (350 இந்த வகைதான்) இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் யோசிப்பதே இல்லை. தட்டை டாப்பெட் கேமில் லோப் (வால்வைத் தள்ளுகிற மேடு) கொஞ்சம் சாய்வாக இருக்கும், அந்தச் சாய்வுதான் கேமைப் பின்பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொள்கிறது. ரோலர் கேமில் அந்தச் சாய்வு கிடையாது. முன்னால் கேம் பட்டன் (கேம் நகராமல் தடுக்கிற துண்டு) வைக்காவிட்டால் கேம் முன்னும் பின்னும் நடக்கும். கியர் பற்கள் சாய்வானவை என்பதால் கேம் நகரும்போதெல்லாம் டிஸ்ட்ரிபியூட்டரும் கொஞ்சம் திரும்பும், டைமிங் ஆடும், பல்லில் அடி விழும். வெறும் டைமிங் லைட்டை வைத்துக்கொண்டு தேய்ந்த கியரா கேம் நடையா என்று பிரிக்க முடியாது. டைமிங் கவரைத் திறந்து, டயல் கேஜ் வைத்து, கேமைத் தள்ளி இழுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

செவ்ரலேயில் கியரை மாற்றும்போது தண்டில் அரைச் சுற்று திருப்பிப் போட்டுவிடாதீர்கள். 13 பல் என்பதால் திருப்பிப் போட்டால் அரைப் பல், அதாவது ஏறக்குறைய 14 டிகிரி ரோட்டார் தள்ளி நிற்கும். கியரில் இருக்கிற சிறு குழி ரோட்டார் முனை பார்க்கிற பக்கமே இருக்க வேண்டும்.

பிறகு, கியர் போனால் அந்தத் தூள் எங்கே போயிருக்கும்? சம்பைக் கழற்றுங்கள், ஃபில்டரை வெட்டிப் பாருங்கள், பம்பைப் பிரித்துக் கழுவுங்கள். வெண்கலத் தூள் காந்தத்தில் ஒட்டாது, அதனால் காந்த பிளக் சுத்தமாக இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். கேமில் இருக்கிற கியரையும் டார்ச் அடித்து, எஞ்சினைத் திருப்பித் திருப்பி எல்லாப் பல்லையும் பாருங்கள். அது கீறிப்போயிருந்தால் என்ன விலை கொடுத்துப் புதுக் கியர் வாங்கினாலும் அரம் போல ராவிவிடும், கேமையும் சேர்த்து மாற்றத்தான் வேண்டும். புதிதாகப் போடும்போது பற்களில் மோலி பேஸ்ட் தாராளமாகத் தடவுங்கள், ஏனென்றால் அந்த இடத்துக்குப் பெரும்பாலும் தெறிக்கிற ஆயில்தான் கிடைக்கிறது.

இப்போது மாமாவின் வண்டியில் ஒவ்வொரு ரேஸுக்குப் பிறகும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கி அதே பல்லை ஃபோனில் படம் எடுத்து வைக்கிறோம். நாலாவது கியரின் படங்கள் போன ஈஸ்டரிலிருந்து வரிசையாக இருக்கின்றன, பல்லின் நடுவில் ஒரு மெல்லிய பளபளப்புக் கோடு, அவ்வளவுதான்.