வாசிப்புச் சவால் எடுப்பவர்கள் ஜனவரியில் செய்யும் தவறு

எங்கள் வாசிப்புக் குழுவுக்குப் புதிதாக வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியை என் முன்னால் நீட்டினாள். திரையில் எக்செல் தாள். "இந்த வருசம் 52 புத்தகம்க்கா. வாரத்துக்கு ஒண்ணு. பேரெல்லாம் போட்டுட்டேன், பாருங்க." மொழிபெயர்ப்பு, வரலாறு, அறிவியல், நாடகம், பெண் எழுத்து என்று வகை பிரித்திருந்தாள். டிசம்பர் கடைசி வாரம் வரைக்கும் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2019-ல் நானும் இதையேதான் செய்தேன், டைரியின் கடைசிப் பக்கத்தில், நீல மையில்.

வருடா வருடம் ஏதாவது ஒரு சவால் எடுத்துப் பத்து வருடமாக வாசித்து வருகிறேன். எட்டாத எண்ணிக்கை வைக்காதீர்கள், ராத்திரி கைப்பேசியைத் தள்ளி வையுங்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வருடம் முழுமைக்கும் பெயர் எழுதிவிடுவது

அந்த 2019 ஜனவரியில் திருச்சியிலிருந்து ரயிலேறி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்குப் போனேன். சென்னைப் புத்தகக் காட்சி. கையில் 24 பெயர்கள், மாதத்துக்கு இரண்டு. பத்து சதவீதத் தள்ளுபடி போக ஏழாயிரத்துச் சொச்சம் ஆனது. இரண்டு துணிப்பைகளின் காதும் உள்ளங்கையில் சிவப்பாகக் கோடு போட்டிருந்தன. அன்று இருந்த நிறைவை என்னால் இப்போதும் மறக்க முடியவில்லை. வருடத்து வேலை பாதி முடிந்துவிட்ட மாதிரி இருந்தது.

டிசம்பரில் எண்ணிப் பார்த்தேன். 11 முடித்திருந்தேன். மற்ற 13-ம் கட்டிலுக்கடியில், சிலவற்றுக்குக் கண்ணாடித்தாள் உறைகூடப் பிரிக்கவில்லை.

பணம் போனதில் எனக்கு வருத்தமில்லை, புத்தகம் எங்கே போகிறது. இன்றைக்கும் ஆறாமல் இருப்பது அந்த வருட மார்ச் மாதம்தான். பட்டியலில் "வேறு மொழித் தன்வரலாறு" என்ற இடத்தில் மராத்தியிலிருந்து வந்த தலித் தன்வரலாறு ஒன்று இருந்தது. மூன்று நாளில் முடித்தேன். மொழிபெயர்ப்பாளர் முன்னுரையில் ஒரு பெரிய கதை இருந்தது. 1972-ல் பம்பாயில் தலித் இளைஞர்களின் தலித் பேந்தர் இயக்கம் எழுந்தது, அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியிலிருந்து மராத்தியில் தன்வரலாறுகள் வரிசையாக வந்தது, பக்கத்தில் கன்னடத்தில் அதே காலத்தில் நடந்தது, அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி 1990களில் தமிழில் தலித் எழுத்து பெருகியது. நாலைந்து நூல்களின் பெயரும் இருந்தது. பென்சிலால் அடிக்கோடு போட்டேன். அந்த நேரத்தில் அதில் எதைக் கொடுத்திருந்தாலும் ஒரே மூச்சில் வாசித்திருப்பேன்.

ஆனால் டைரியைத் திறந்தால் அடுத்தது "உலக வரலாறு" என்றிருந்தது. வாங்கியாயிற்றே என்று அதை எடுத்தேன். அறுபதாம் பக்கத்தில் நின்றேன். மே மாதம் திரும்ப வந்து அந்த அடிக்கோடுகளைப் பார்த்தபோது தாகம் போயிருந்தது. அந்த நூல்களில் இரண்டைத்தான் இதுவரை வாசித்திருக்கிறேன், அதுவும் நாலு வருடம் கழித்து.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சவால் எடுப்பதே வாசிப்பு விரிய வேண்டும் என்பதற்காக. ஜனவரியில் உட்கார்ந்து எழுதும்போது நமக்கு ஏற்கெனவே காதில் விழுந்த பெயர்களைத்தான் எழுத முடியும். விருது வாங்கியது, நண்பர் சொன்னது, எல்லோரும் பேசுவது. வகைகள் பன்னிரண்டாக இருந்தாலும் எல்லாம் நமக்குத் தெரிந்த தெருக்கள்தான். தெரியாத பெயர் வாசிக்கிற புத்தகத்துக்குள்ளிருந்துதான் வரும்: முன்னுரையில் நன்றி சொல்லும் இடத்தில், கடைசியிலுள்ள குறிப்புகளில், பின்னட்டையில் "இதே மொழிபெயர்ப்பாளரின் பிற நூல்கள்" என்ற வரியில். மொழிபெயர்ப்பாளர் கா. ஸ்ரீ. ஸ்ரீ. பெயரைப் பிடித்துக்கொண்டே போனால் மராத்தியில் ஒரு காலகட்டம் முழுவதும் கிடைக்கும். த. நா. குமாரசாமியைப் பிடித்தால் வங்கம் கிடைக்கும். முழுப் பட்டியலும் எழுதி, புத்தகமும் வாங்கி அடுக்கியவருக்கு இந்த வழியில் நடக்க நேரமே இருக்காது. அடுத்தது வரிசையில் நிற்கும்.

இப்போது நான் வகைகளை மட்டும் எழுதுகிறேன். பெயர் இரண்டு புத்தகத்துக்கு மேல் எழுதுவதில்லை. மூன்றாவது, கையிலிருக்கும் இரண்டிலிருந்து பிறக்க வேண்டும். வகை வரிசை மாறினால் மாறட்டும். ஒரே வகையில் நாலு மாதம் இருந்தாலும் பரவாயில்லை, ஆழமாகப் போனவருக்குப் பக்கத்து வகைக்குத் தானே வழி திறக்கும். தன்வரலாற்றில் தொடங்கியவர் சட்டத்துக்கும் நில வரலாற்றுக்கும் போயிருக்கிறார், எங்கள் குழுவிலேயே.

மொழிபெயர்ப்பு என்றால் ரஷ்யா

நம்மவர்கள் பலருடைய சவாலில் மொழிபெயர்ப்புக் கட்டம் வருடா வருடம் ரஷ்ய நாவலாகவே நிரம்புகிறது. காரணம் புரிகிறது. சோவியத் ஒன்றியம் 1991-ல் கலையும்வரை, மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் அச்சடித்த தமிழ்ப் புத்தகங்கள் கெட்டி அட்டையில் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. வீட்டில் அப்பா அலமாரியில் இருந்தது, நாமும் அதில் தொடங்கினோம். நல்ல தொடக்கம்தான். ஆனால் பக்கத்து மாநிலத்தைத் தாண்டிப் பீட்டர்ஸ்பர்க் தெருக்கள் தெரிந்த வாசகருக்கு அசாமியில் ஒரு பெயர் சொல்லத் தெரியாமல் போவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. சாகித்திய அகாதெமி 24 மொழிகளை அங்கீகரித்திருக்கிறது. அவற்றிலிருந்து தமிழுக்கு வந்தவை ஏராளம், விலையும் குறைவு. நேஷனல் புக் டிரஸ்டின் பழைய வெளியீடுகளில் ஒடியாவும் கன்னடமும் கிடைக்கும்.

இன்னொன்று. உள்பக்கத்தைப் புரட்டி, மூலத்திலிருந்து நேரடியாக வந்ததா, ஆங்கிலம் வழியாக வந்ததா என்று பாருங்கள். இரண்டும் வாசிக்கலாம், எதை வாசிக்கிறோம் என்று தெரிந்து வாசிக்க வேண்டும்.

ஒலிநூலைக் கணக்கில் சேர்க்கலாமா என்று தவிப்பது

சேர்க்கலாம்.

பிடிக்காததை முடித்தே தீருவது

ஐம்பது பக்கம் போதும். மூடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

நவம்பரில் ஒல்லிப் புத்தகம் தேடுவது

எண்ணிக்கை பின்தங்கியதும் எண்பது பக்கப் புத்தகங்களாக வாசித்துக் கணக்கை நேர் செய்கிறார்கள். ஒல்லிப் புத்தகம் எல்லாம் சீக்கிரம் முடியும் என்று யார் சொன்னது? குறுந்தொகையில் 401 பாடல்கள். பெரும்பாலும் நாலடியிலிருந்து எட்டடிக்குள். ஒரு நாளைக்கு ஒன்று என்று உட்கார்ந்தால் வருடமே போதாது, கணக்கில் வருவதோ ஒன்று. நான் அப்படி ஒருமுறை வாசித்தேன். அந்த வருடம் என் எண்ணிக்கை 14. நான் வாசித்ததிலேயே செழிப்பான வருடம் அதுதான்.

விலைக்கு வாங்கினால்தான் வாசிப்பு என்பது

புத்தகத்துக்குள்ளிருந்து வரும் பெயர்கள் பாதி அச்சில் இருக்காது. கடையில் இல்லை என்றதும் விட்டுவிடுகிறார்கள். சென்னைக்குப் போக முடிந்தவர்கள் கன்னிமாராவுக்குப் போங்கள். 1896-ல் திறந்த நூலகம். 1954 சட்டப்படி நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதி போய்ச் சேரும் நான்கு நூலகங்களில் அது ஒன்று. கோட்டூர்புரம் அண்ணா நூலகமும், மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூலகமும் இருக்கின்றன. உங்கள் ஊர்க் கிளை நூலகத்திலும் கேளுங்கள். எங்கள் கிளையில் மாடிப்படிக்கடியில் கட்டி வைத்திருந்த மூட்டையிலிருந்து, ஏழு வருடமாகத் தேடிய ஒன்று எனக்குக் கிடைத்தது. முதுகு செல்லரித்திருந்தது, பக்கம் எல்லாம் இருந்தது.

குறிப்பு எழுதாமல் மூடுவது

முடித்த தேதியை மட்டும் எழுதினால் போதாது. 2018-ல் முடித்ததாக எழுதிவைத்ததில் ஆறு புத்தகங்கள் எதைப் பற்றியவை என்றே எனக்கு இன்று தெரியவில்லை. இரண்டு வரி எழுதுங்கள். கதைச்சுருக்கம் வேண்டாம். எந்த இடத்தில் நின்றீர்கள், எந்தப் பெயர் உள்ளிருந்து கிடைத்தது, அவ்வளவு.

அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னபோது முகம் கொஞ்சம் வாடிவிட்டது. "அப்ப மார்ச்ல என்ன படிக்கிறதுன்னு எப்படிக்கா தெரியும்?" என்று கேட்டாள். மார்ச்சுக்குப் பிறகிருந்த பெயர்களை அவளே அழித்தாள், மனசில்லாமல்தான். நேற்று மறுபடியும் தாளைக் காட்டினாள். "எதிலேர்ந்து வந்துச்சு" என்று புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்திருக்கிறாள். அதில் ஒரு கட்டம் நிரம்பியிருக்கிறது. நான் கேள்விப்படாத பெயர். எங்கே கிடைக்கும் என்று இரண்டு பேரும் தேடிக்கொண்டிருக்கிறோம்.