படகுக் கயிறும் பாறைக் கயிறும்: பிள்ளைகளோடு பாறை ஏறப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் கடற்கரையில் ஏறுவதற்குப் பாறை கிடையாது. மண்டபத்திலிருந்து தனுஷ்கோடி வரையிலும் சரி, இந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் வரையிலும் சரி, மணலும் பனையும்தான். ராமேஸ்வரம் தீவிலேயே உயரமான இடம் என்று நாம் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் கந்தமாதன பர்வதமும் ஒரு மணல்மேடுதான். இந்த ஊர்ப் பிள்ளைகள் ஒலிம்பிக்கில் 15 மீட்டர் சுவரை 5 வினாடிக்குள் ஏறி முடிக்கிறவர்களைப் பார்த்துவிட்டு, "நாமளும் போவோம்" என்று கேட்டால் ஆயிரம் கிலோமீட்டர் பயணத்துக்குத் தயாராக வேண்டும். எங்கள் மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. கர்நாடகத்தின் பாதாமிக்கு இரண்டு முறை போய்வந்தோம். முதல் பயணத்தில் நடந்த தவறுகளில் பாதிக்கு மேல், கடலில் பழகியதை அப்படியே மலைக்குக் கொண்டுபோனதால் வந்தவை.

முதலில் கயிறு. எங்கள் மச்சான் விசைப்படகு வைத்திருக்கிறார். பயணம் என்று கேள்விப்பட்டதும், "காசு கொடுத்து எதுக்குக் கயிறு வாங்குறீங்க மாப்பிள்ளை? பிரிக்காத சுருள் ஒண்ணு வீட்டில் கிடக்கு, டன் கணக்கில் இழுக்கும்" என்றார். அவர் சொன்னது உண்மைதான், இழுக்கும். ஆனால் மேலே இருந்து விழுகிற உடம்பைப் பிடிப்பது வேறு வேலை. பாறை ஏறுகிறவர்கள் பயன்படுத்துவது டைனமிக் கயிறு. உள்ளே இழைக்கற்றை, வெளியே பின்னிய உறை. விழுகிற நேரத்தில் நீண்டு கொடுத்து, அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்ளும். படகில் கட்டும் பாலிப்ரொப்பிலீன் கயிறு அந்த அளவுக்கு நீளாது, வெயிலில் நைந்துபோகும், உராய்வுச் சூட்டில் சீக்கிரம் இளகும். வாங்கும்போது ஈஎன் 892 என்ற தர எண்ணும், வட்டத்துக்குள் 1 என்ற குறியும் இருக்கிறதா என்று பாருங்கள். முடிச்சும் அப்படித்தான். சட்டென்று அவிழ்க்க வசதியாகப் போடும் படகு முடிச்சுகளை மறந்துவிட்டு, எட்டு முடிச்சை இரட்டையாகப் போடக் கற்றுக்கொள்ளுங்கள். போட்டதை ஒவ்வொரு முறையும் இன்னொருவர் பார்த்துச் சரி சொன்ன பிறகே பிள்ளையின் கால் தரையை விட்டு எழும்ப வேண்டும்.

பழகிக்கொள்ளட்டும் என்று பிள்ளைகளைத் தூண்டில் வளைவில், அதாவது அலையைத் தடுக்கக் கடலுக்குள் கொட்டியிருக்கும் கற்களில், ஏறவிடுவது அடுத்த தவறு. பாசி வழுக்கும், கல்லில் ஒட்டியிருக்கும் கொட்டலசு ஓடு கையைக் கிழிக்கும், கால் இடுக்கில் மாட்டினால் அலை வந்துகொண்டே இருக்கும். தனுஷ்கோடியில் 1964 புயலுக்குத் தப்பி நிற்கிற சுவர்களில் ஏறவிடுவது இதைவிட மோசம். அந்தக் கல் உதிர்கிறது. வேறு வழி இருக்கிறது. சாயல்குடிப் பக்கம் போகும்போது பனையேறி ஒருவர் ஏறுவதைப் பிள்ளைகளோடு நின்று பாருங்கள். காலில் மாட்டிய தளைநாரில் பாரத்தை வைத்து எழும்புகிறார், கை அணைத்துப் பிடிக்க மட்டும்தான். கையால் தொங்காமல் காலால் எழும்புவதுதான் பாறையிலும் முதல் பாடம். என் மகள் அதைப் பனையடியில்தான் புரிந்துகொண்டாள்.

பெரியவர்கள் அணியும் இடுப்புப் பட்டையை, அதாவது ஹார்னஸை, இறுக்கிக் கட்டிச் சின்னப் பிள்ளைக்கு மாட்டாதீர்கள். ஐந்து வயதில் பட்டை நிற்கிற அளவுக்கு இடுப்பு இருக்காது, உடம்புக்குத் தலை கனம். தலைகீழானால் பட்டையிலிருந்து நழுவிவிடலாம். தோளையும் சேர்த்துப் பிடிக்கிற முழு உடல் ஹார்னஸ், 40 கிலோவுக்கு உட்பட்டவர்களுக்கென்றே வருகிறது. ஹெல்மெட் மலையேறுகிறவர்களுக்கானது வேண்டும், சைக்கிள் ஹெல்மெட் போதாது. ஷூவைப் பெரியவர்களைப் போல விரல் மடங்க இறுக்கமாக வாங்க வேண்டாம். முதல் பயணத்துக்குப் பள்ளிக்கூடக் கேன்வாஸ் ஷூவே போதும்.

நான் அதிகம் சொல்ல நினைப்பது இறங்குவதைப் பற்றி.

எல்லோரும் பிள்ளையை எப்படி மேலே ஏற்றுவது என்றுதான் யோசிக்கிறோம். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். பாறையில் போல்ட் அடித்து வைத்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு உச்சியில் உள்ள வளையத்தில் முன்கூட்டியே கயிற்றைக் கோத்துத் தொங்கவிட்டு, ஒரு முனையைப் பிள்ளையோடு கட்டி, மறுமுனையைக் கீழே ஒருவர் பிடித்துக்கொள்வார். இந்தப் பிடிப்புக்குப் பெயர் பிலே. மகள் முதல் முயற்சியிலேயே பத்து மீட்டர் ஏறிவிட்டாள். கைதட்டினோம். அப்புறம், "பின்னால் சாயும்மா, இறக்கிவிடுறேன்" என்றேன். அவள் சாயவில்லை. இரண்டு கையாலும் பாறையைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாத இடத்தில், கயிற்றை நம்பி உடம்பைப் பின்னால் சாய்ப்பது என்ன என்று அவளுக்கு நாங்கள் சொல்லியே தரவில்லை. கடைசியில் வழிகாட்டி பக்கத்தில் ஏறிப்போய், பேச்சுக் கொடுத்துக் கூட்டிவந்தார். அன்று முழுக்க அவள் கயிற்றைத் தொடவில்லை.

அதனால் முதல் நாள் முழுவதும் இரண்டு மீட்டர் உயரம் போதும். ஏறு, உட்கார், சாய், கால்களைப் பாறையில் ஊன்றி நடந்து இறங்கு. பத்து முறை. ஊஞ்சல் ஆடுவதுபோல அது பழகிப்போன பிறகு நாலு மீட்டர், அப்புறம் ஆறு.

மகனுக்கு நேர்ந்தது வேறு சிக்கல். பயமில்லாமல் சாய்ந்தான், ஆனால் கீழே வரவில்லை. 16 கிலோப் பிள்ளையின் பாரம், கயிறு பாறையிலும் வளையங்களிலும் உரசுகிற உராய்வைத் தாண்டி இழுக்கப் போதவில்லை. அந்தரத்தில் நின்றான். எடை குறைந்த பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நடப்பதுதான். இடையில் உள்ள கொக்கிகளில் கயிற்றை மாட்டாமல் உச்சி வளையத்திலிருந்து நேராக இறங்கும்படி வைத்தால் உராய்வு குறையும். தானாகப் பூட்டிக்கொள்ளும் பிலே கருவியைவிட, கயிறு தடையில்லாமல் ஓடுகிற குழாய் வகைக் கருவி இங்கே நல்லது, ஆனால் பிடிப்பவர் அதில் நன்றாகப் பழகியிருக்க வேண்டும். இன்னும் நம்பகமான வழி, பிள்ளையின் ஹார்னஸிலிருந்து இரண்டாவது கயிறு ஒன்றைக் கீழே தொங்கவிடுவது. தேவைப்பட்டால் கீழே நிற்பவர் அதை மெதுவாக இழுத்து இறக்கிவிடலாம். இதை முதல் ஏற்றத்துக்கு முன்பே கட்டிவிடுங்கள்.

கயிற்றின் மறுமுனையில் ஒரு தடை முடிச்சு எப்போதும் இருக்கட்டும். கயிறு நீளம் போதாமல், இறக்கும்போது முனை கருவியிலிருந்து நழுவிப்போவது பெரியவர்களுக்கே நடந்திருக்கிற விபத்து. 60 மீட்டர் கயிற்றில் 30 மீட்டருக்கு மேல் ஏறினால் திரும்பி இறங்கக் கயிறு இருக்காது.

ஆள் கணக்கிலும் தவறு நடக்கிறது. பிலே பிடிப்பவர் வேறு எதையும் பார்க்கக் கூடாது. ஒருவர் பிடிக்க, ஒருவர் தரையில் இருக்கிற பிள்ளையைப் பார்க்க, கூடுதலாக ஒரு பெரியவர் இருந்தால் நல்லது. கீழே விளையாடுகிற பிள்ளைக்கும் ஹெல்மெட் வேண்டும். மேலேயிருந்து கல் விழுகிற வாய்ப்பு அவனுக்குத்தான் அதிகம். பாறைக்கு நேர் கீழே பாய் விரிக்காதீர்கள்.

நாங்கள் முதலில் போனது மே மாதம், பள்ளி விடுமுறை என்பதால். பாறை தோசைக்கல்லாக இருந்தது. "நாம பார்க்காத வெயிலா" என்று நினைத்திருந்தேன். இங்கே கடற்காற்று வெயிலை மறைத்துவிடுகிறது, அங்கே அது இல்லை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை போகலாம். நம் பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறையோ பொங்கலோ பொருந்தும். மழை பெய்தால் ஈர மணற்பாறையில் ஏறக் கூடாது, பிடிகள் உடையும்.

பெங்களூருவில் ஒருநாள் தங்குங்கள். கண்டீரவா அரங்கத்தில் ஏறுசுவர் இருக்கிறது, முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டால் பிள்ளைகள் கயிற்றைத் தொட்டுப் பழகலாம். பாதாமி போய்ச் சேர்ந்த அன்றே பாறைக்குப் போகாதீர்கள். அந்த ஊர்தான் வாதாபி. 642இல் நரசிம்மவர்மப் பல்லவன் பிடித்த நகரம். அகத்தியர் பெயரிலேயே ஏரி இருக்கிறது. வாதாபி என்ற அசுரனை அவர் செரித்துவிட்ட கதையை அந்தக் கரையில் உட்கார்ந்து சொன்னபோது எங்கள் மகன் வாயைத் திறந்தபடி கேட்டான். குகைக் கோயில்களைப் பாருங்கள், ஆனால் அந்தப் பாறைகளில் கை வைக்க வேண்டாம். அவை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை.

தின்பண்டப் பையைத் திறந்து வைத்தால் குரங்கு பறித்துவிடும். மலைத்தேனீக் கூட்டைப் பார்த்தால் கத்தாதீர்கள், புகை போடாதீர்கள், அந்தப் பாதையையே விட்டுவிடுங்கள். அருகில் உள்ள அரசு மருத்துவமனை எங்கே என்று முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள்.

ஊர் திரும்பிய பிறகும் ஒரு தவறு காத்திருக்கிறது. பொருட்களைத் திண்ணையில் தொங்கவிட்டேன். மூன்றே மாதத்தில் காராபினர் கொக்கிகளின் வாய் சரியாக மூடவில்லை, உள்ளே வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. தாய்லாந்தின் கிராபிக் கடலோரப் பாறைகளில் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளே உப்பால் விரிசல் விட்டதால்தான் அங்கே டைட்டேனியம் போல்ட்டுக்கு மாறினார்கள். எனவே எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, மூடியுள்ள பெட்டியில் உள்ளறையில் வையுங்கள். கயிறும் ஹார்னஸும் வெயிலில் காயக் கூடாது. அடுத்த பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு கொக்கிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பாருங்கள், தானாக மூடாததை எடுத்துப்போகாதீர்கள்.