சோனோமா கோஸ்ட் பினோ நுவார்: லேபிளில் எதைப் பார்ப்பது?

கலிஃபோர்னியாவின் பினோ நுவார் (அதே பெயருள்ள திராட்சையில் செய்யும் சிவப்பு ஒயின்) வாங்கும்போது 'சோனோமா கோஸ்ட்' என்ற வட்டாரப் பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். 1987-இல் இந்த ஒயின் வட்டாரத்துக்கு எல்லை வகுத்தபோது கடலை விட்டு வெகுதூரம் உள்ளே இருக்கும் இடங்களையும் இதில் சேர்த்துவிட்டார்கள். பெயரில்தான் கோஸ்ட்! நிஜமான கடலோரச் சரக்கு வேண்டுமென்றால் 'வெஸ்ட் சோனோமா கோஸ்ட்' என்று தேடுங்கள். 2022-இல்தான் இதற்குத் தனி அங்கீகாரம் கிடைத்தது. இல்லாவிட்டால் 'ஃபோர்ட் ராஸ்-சீவியூ'. 1812-இல் ரஷ்யர்கள் கோட்டை கட்டிய இடம் அது. அங்கே தோட்டங்கள் பெரும்பாலும் மூடுபனிக்கு மேலே, மலைமுகட்டில் இருக்கின்றன. வெயில் கிடைக்கும், ஆனால் பசிபிக் காற்று சூட்டை ஏறவிடாது. பழம் மெதுவாகப் பழுப்பதால் புளிப்பு குறையாமல் நிற்கும்.

நிறம் வெளிறியிருந்தால் தண்ணீர் கலந்துவிட்டார்களோ என்று சந்தேகப்பட வேண்டாம், இந்தத் திராட்சையின் தோலே மெல்லியது.

அப்புறம், சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்பது குளிர்நாட்டு அறைகளுக்குச் சொன்னது. நம் ஊர் 30 டிகிரியில் சாராய நெடிதான் முந்தும். பாட்டிலை இரண்டு மணி நேரம் போல ஃப்ரிட்ஜில் வைத்து, 14, 15 டிகிரியில் ஊற்றுங்கள். தொட்டுக்கொள்ள, மிளகு தூவி வதக்கிய காளான் பிரமாதம்.