இறுகின சைக்கிள் ரயரைக் கையாலேயே ஏற்றுவது

அன்று வெள்ளிக்கிழமை. மகளுக்கு இரண்டரைக்கு ரியூசன். காத்தான்குடிக் கடையில் புது ரயரும் ரியூபும் தந்த நானா, "ஜும்ஆ முடிஞ்சு வாங்க தங்கச்சி, போட்டுத் தாறன்" என்றார். அவ்வளவு நேரம் நிற்க ஏலாது என்று ரயரைத் தோளில் கொழுவிக்கொண்டு ஆரையம்பதிக்கு வந்து, நானே போட வெளிக்கிட்டேன். முக்கால்வாசி சுலபமாக ஏறியது. கடைசி ஒரு சாண் அசையவே இல்லை. தட்டையான ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினேன், ஏறிவிட்டது. காற்றடித்தால் உஸ் என்று போகிறது. கழற்றிப் பார்த்தேன்: புது ரியூபில் பாம்பு கொத்தின மாதிரிப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை. மகள் அன்று நடந்துதான் போனாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலும் அக்கா வீட்டிலும் எத்தனையோ ரயர் போட்டுவிட்டேன். ஸ்குரூ டிரைவரைத் தொட்டதே இல்லை.

முதலில் ரயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் பாருங்கள். 26 என்பதை மட்டும் நம்பாதீர்கள். பெண்பிள்ளைகள் ஓடும் சாதாரணச் சைக்கிளுக்கு 26 × 1 3/8. கூடவே 37-590 என்று சின்னதாகப் போட்டிருக்கும். மவுண்டன் சைக்கிளின் 26 × 1.95 ரயரில் அந்தக் கடைசி எண் 559. இரண்டையும் 26 என்றுதான் சொல்வோம், ஆனால் விட்டத்தில் 31 மில்லிமீற்றர் வித்தியாசம். பெரிய ஆம்பிளைச் சைக்கிளின் 28 × 1 1/2 ரயருக்கு 635. பழைய ரயரில் உள்ள கடைசி மூன்று இலக்கமும் புதியதில் இல்லையென்றால் மினக்கெடாமல் கொண்டுபோய் மாற்றுங்கள்.

அடுத்தது ரிம். ரயரின் உள் ஓரத்துக்குள்ளே ஒரு கம்பி வளையம் ஓடுகிறது. அது இழுபடாது. அப்படியானால் ரிம்மின் விளிம்பைத் தாண்டி எப்படி ஏறுகிறது? ரிம்மின் நடுவில் சுற்றிவரப் பள்ளமாக ஒரு வாய்க்கால் இருக்கிறது. ஒரு பக்கத்து ஓரம் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கினால், எதிர்ப்பக்கத்தில் சில மில்லிமீற்றர் தளரும். அந்தத் தளர்வுதான் ரயரை ஏற்றுகிறது. கடைசி ஒரு சாண் இறுகி நிற்கிறது என்றால், அதற்கு நேர் எதிரே ஓரம் பள்ளத்தில் இல்லை, மேட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் சைக்கிளில் அந்தப் பள்ளமே இல்லாமல் இருந்தது! சில்லுக் கம்பிகளின் முனைகள் ரியூபைக் குத்தாமல் இருக்க யாரோ பழைய ரியூபைப் பட்டையாக வெட்டி இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார்கள். அதைக் கழற்றி, பள்ளத்தின் அகலத்துக்கு மெல்லிய துணிப் பட்டி ஒன்று போட்டேன். பாதிக் கஷ்டம் அதோடு தீர்ந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. எங்கள் ஊர் உப்புக் காற்றில் இரும்பு ரிம் துருப்பிடிக்காமல் இராது. துரு ஓரத்தை வழுக்க விடாது, றப்பரையும் அராவும். மட்டத்தாள் போட்டு உரசித் துடைத்துவிடுங்கள்.

புது ரயரைக் கொஞ்ச நேரம் வெயிலில் போட்டால் இளகும். ஒரு பக்க ஓரத்தை முழுதாக ஏற்றுங்கள். ரியூபுக்கு அதன் வட்டம் வருமளவுக்கு மட்டும் காற்றடித்து உள்ளே வையுங்கள், வால்வின் நட்டை இறுக்காதீர்கள். மற்ற ஓரத்தை வால்வுக்கு நேர் எதிரே தொடங்கி, இரண்டு பக்கத்தாலும் வந்து வால்வில் முடிக்க வேண்டும். வால்வு இருக்கும் இடத்தில் ஓரம் பள்ளத்தில் இறங்காது, அதனால்தான் அதைக் கடைசிக்கு விடுவது.

இறுகியதும் நிறுத்துங்கள். காற்றை இறக்கிவிட்டு, வால்வு மேலே வரச் சில்லை நிலத்தில் நிமிர்த்திப் பிடியுங்கள். அடியிலிருந்து இரண்டு கையாலும் ரயரை நெரித்து, ஓரங்களை நடுப் பள்ளத்துக்குத் தள்ளி, மேல்நோக்கி இழுத்து இழுத்து வாருங்கள். மூன்று நான்கு தரம் செய்தால் மேலே ஒரு விரல் தளர்வு வந்திருக்கும். ஏறின இடம் திரும்ப வழுக்காமல் இரண்டு பக்கமும் பழைய ரியூப் துண்டால் கட்டுங்கள். மிச்சத்துக்குச் சவர்க்காரத் தண்ணீர் தடவுங்கள். தேங்காயெண்ணெயும் கிறீசும் வேண்டாம், பிரேக் கட்டையில் பட்டால் பிடிக்காது. கிறீஸ் றப்பரையும் கெடுக்கும். பெருவிரலால் குத்தாமல், ரொட்டி மாவைத் தள்ளிப் பிசைவது போல உள்ளங்கையின் அடியால் உருட்டித் தள்ளுங்கள். ஒரு நுனியிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர், மறுநுனியிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர். கடைசியில் 'டொக்' என்று விழும்.

உடனே பம்மை எடுக்காதீர்கள். வால்வை உள்ளே ஒருதரம் அமத்தி விடுங்கள், அடியில் அகப்பட்ட ரியூப் விலகும். ரயரைச் சுற்றிவர விலத்திப் பாருங்கள்; ரியூப் எங்காவது எட்டிப் பார்த்தால் அதை உள்ளே தள்ளிவிட்டுத்தான் மற்ற வேலை. கொஞ்சம் காற்றடித்ததும், ரிம்முக்குப் பக்கத்தில் ரயரில் ஓடும் மெல்லிய கோடு எல்லா இடமும் ஒரே அளவில் தெரிகிறதா என்று சில்லைச் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் புதைந்திருந்தால் அந்த இடத்துக்குச் சவர்க்காரத் தண்ணீர் விட்டுக் காற்றடியுங்கள், ரயரில் எழுதியிருக்கும் அளவைத் தாண்ட வேண்டாம். வால்வு சாய்ந்து நின்றால் காற்றை இறக்கி, ரயரையும் ரியூபையும் சேர்த்து நகர்த்தி நேராக்கி, மறுகா அடித்து நட்டை இறுக்குங்கள்.