ஒன்றின் மேல் ஒன்றாக வரும் நிலநடுக்க அலைகள்: பொய் அலாரத்தைக் குறைப்பது எப்படி?

2018 ஜனவரி 5, காலை 11 மணி. ஜப்பானின் கான்டோ பகுதியில் கைபேசிகள் நிலநடுக்க எச்சரிக்கையோடு அலறின. பெரிய அதிர்வு எதுவும் வரவில்லை. இபராக்கி கடற்பகுதியிலும் தொயாமாவிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்த இரண்டு சிறு நிலநடுக்கங்களை ஒரே பெரிய நிலநடுக்கமாகக் கணினி கணக்கிட்டுவிட்டது.

இந்தக் குழப்பம் எப்படி நுழைகிறது என்று பைத்தான் நிரல்மொழியில் செய்து பார்க்கலாம். ஒப்ஸ்பை (ObsPy) என்ற இலவச நிரல் நூலகம் போதும்.

படி 1: நிலநடுக்கமானியின் பதிவை வடிகட்டுங்கள். 1 முதல் 10 ஹெர்ட்ஸ் வரை, அதாவது வினாடிக்கு 1 முதல் 10 அதிர்வு வரை மட்டும் விடுங்கள். கடலலையால் வரும் மெதுவான ஆட்டம் போய்விடும். அருகில் ஓடும் லாரியின் அதிர்வு போகாது, அதுவும் இதே அதிர்வெண்ணில்தான்.

படி 2: விகிதம் எடுங்கள். கடைசி 1 வினாடியின் சராசரி ஆற்றலைக் கடைசி 30 வினாடியின் சராசரியால் வகுக்க வேண்டும். இதுதான் எஸ்டிஏ/எல்டிஏ. விகிதம் 4 என்ற வரம்பைத் தாண்டினால் தூண்டல் (ஏதோ அலை வந்திருக்கிறது என்ற அடையாளம்) தொடக்கம், 1.5க்குக் கீழே இறங்கினால் முடிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் நிலையத்துக்கு ஏற்ப மாற்றலாம்.

படி 3: இரண்டாவது அலையைப் பிடிக்க வரம்பைக் குறைக்காதீர்கள். பின்னணி ஆற்றல் 1 என்போம். 200 அளவில் ஓர் அலை வந்தால் முதல் வினாடியிலேயே விகிதம் 26. அது 10 வினாடி நீடித்த பிறகு 240 அளவில் இன்னொன்று வந்தால்? நீண்ட சராசரி 75க்கு வீங்கியிருக்கும், விகிதம் 3.2தான். பெரிய அலை தப்பிவிடும்! சரி, வரம்பை 2 ஆக்கலாமே என்று தோன்றும். அப்புறம் முதல் நிலநடுக்கத்தின் வாலில் உள்ள மேடெல்லாம் தனித்தனி நிலநடுக்கமாக எண்ணப்படும். அதைவிட, மூலப் பதிவை 10 ஹெர்ட்ஸுக்கு மேலே தனியாக வடிகட்டிப் பாருங்கள். பழைய வாலில் உயர் அதிர்வெண் சீக்கிரம் தேய்ந்துவிடும், அருகில் எழுந்த புது அலையில் அது தெரியும்.

படி 4: எஸ் அலையா என்று பாருங்கள். ஒரே நிலநடுக்கத்திலிருந்து வேகமான பி அலை முதலில் வரும், மெதுவான எஸ் அலை பிறகு வரும். இரண்டாவது தூண்டல் கிடைமட்டக் கூறுகளில் ஓங்கியிருந்தால் அது முதல் நிலநடுக்கத்தின் எஸ் அலையாக இருக்கலாம். பி, எஸ் அலைகள் வரும் நேர இடைவெளியில் ஒவ்வொரு வினாடிக்கும் நிலநடுக்க மையம் சுமார் 8 கிலோமீட்டர் தூரம். 5 வினாடி என்றால் 40 கிலோமீட்டர்.

படி 5: நிலையங்களை ஒப்பிடுங்கள். குறைந்தது 4 நிலையங்கள் சேர்ந்து தூண்டப்பட வேண்டும் என்று விதித்தால் லாரி ஒழியும். ஆனால் தொயாமா மாதிரிச் சம்பவத்துக்கு எண்ணிக்கை உதவாது, இரு பக்கமும் நிஜ நிலநடுக்கம்தானே. பூமியின் மேலோட்டில் பி அலை வினாடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் போகும். 60 கிலோமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு நிலையங்களுக்கு வந்த நேரம் 10 வினாடிக்கு மேல் நன்றாக விலகினால், அவை ஒரே பி அலை அல்ல. நடுவில் உள்ள நிலையங்கள் சும்மா இருக்க, இரு ஓரங்களும் ஒரே நேரத்தில் ஆடினாலும் அப்படித்தான். பொருந்தாத நேரங்களைத் தனியே எடுத்து, அவற்றுக்கு இன்னொரு மையம் கிடைக்கிறதா என்று தேடுங்கள். அதன் பிறகே அளவைக் கணக்கிடுங்கள்.